போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரு கணினி வைத்தியர்

போச்சம்பள்ளி என்று சொன்னதும் உங்கள் இல்லத்துப் பெண்மணிகளின் நினைவில் எழுவது பட்டுச் சேலையாகத்தான் இருக்கும். அது வேறு போச்சம்பள்ளி. தெலங்கானாவில் உள்ளது, இக்கத் நெசவுக்குப் பேர்பெற்றது, 1951 ஏப்ரலில் வினோபா பாவே பூமிதான இயக்கத்தைத் தொடங்கியதும் அங்கேதான். நான் உங்களை அழைத்துச் செல்லவிருக்கும் போச்சம்பள்ளி நம் தமிழ்நாட்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே பட்டு இல்லை. மாவும் தென்னையும் உண்டு. ஞாயிறுதோறும் கூடும் பெரிய சந்தை உண்டு. ஆட்டு வியாபாரத்திற்குச் சுற்று வட்டாரம் முழுவதும் அந்தச் சந்தையைத்தான் சொல்வார்கள்.

'பள்ளி' என்று முடியும் ஊர்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். குருபரப்பள்ளி, குந்தாரப்பள்ளி, போச்சம்பள்ளி என்று சாலையோரப் பலகைகள் வரிசையாய் வரும். பள்ளி என்பது சிற்றூரையும் குறிக்கும். சமண முனிவர்களின் உறைவிடத்தையும் குறித்தது. பிள்ளைகள் படிக்கும் இடமும் அதுவே. நம்மவர் தொழும் இடமும் அதுவே. கலைப்பட்டம் பெற்றுவிட்டு மதரஸாவில் பாடம் நடத்தும் என் போன்றவனுக்கு இப்படிச் சொற்களைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் பொழுதைப் போக்குவது வழக்கம். பொறுத்தருள்க!

2023ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பக்ரீதுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. மாமண்டியில் கணக்கெழுதும் என் பக்கத்து வீட்டு நண்பர் குர்பானி ஆடு பிடிக்கப் போச்சம்பள்ளிக்குப் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். அவர் கையில் ஆட்டைக் கட்டக் கயிறு. என் தோளில் ஒரு பழைய கருநிறப் பை. பையினுள் உயிரற்ற ஒரு மடிக்கணினி.

அந்தக் கணினியின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு அந்தத் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் ஐம்பது இலட்சத்திற்கும் மேல். என் மூத்த மகள் 2014இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அவளுக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் கணினி நுழைந்தது அதுவே முதல் தடவை. மூடியின் மேல் அரசின் கோபுர முத்திரை. அண்டை வீட்டுப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் கல்லூரிப் படிப்பு முழுவதும் அதிலேதான் நடந்தது. பிறகு திருமணமாகிப் புகுந்த வீடு சென்றாள். கணினி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

2020இல் முதல் பிரசவத்திற்கு வந்தவள் ஊரடங்கினால் பல மாதம் எங்களோடிருந்தாள். அப்போது என் தாயார் உயிரோடிருந்தார்கள். கொள்ளுப் பேரனைத் தொட்டிலிலிட்டு அவர்கள் பாடிய தாலாட்டுகளை மகள் கைப்பேசியில் பதிந்தாள். கைப்பேசியில் இடம் போதாததால் அவற்றைக் கணினிக்கு மாற்றி வைத்தாள். மொத்தம் பதினான்கு. எந்த நூலிலும் அச்சேறாத பாடல்கள். என் தாயார் தம் தாயாரிடம் கேட்டவை. 2021இல் அவர்கள் மறைந்தார்கள். அதன்பின் அந்தக் கணினியைத் திறக்க வீட்டில் எவருக்கும் மனம் வரவில்லை. இரண்டாண்டுக் காலம் அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் கிடந்தது.

2023இல் இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறிக் கணினிப் பயன்பாடு படிக்க ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். அக்காவுக்குக் கிடைத்தது தங்கைக்குக் கிடைக்கவில்லை. கொரோனாக் காலத்தோடு அந்தத் திட்டம் நின்றுபோயிருந்தது. (2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தார்கள். அது பிந்தைய கதை.) சரி, இருப்பதை எடுப்போம் என்று அலமாரியைத் திறந்து, மின்னேற்றியைச் செருகி, பொத்தானை அழுத்தினோம். ஒரு சிறு விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்டது. திரை இருண்டே கிடந்தது.

நகரத்தில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார். "போர்டு போச்சு. மாத்தினா எட்டாயிரத்தைந்நூறு ஆகும். அதைப் போடுறதுக்குப் புதுசா வாங்கிடுங்க" என்றார். மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. புதியது முப்பதாயிரம் என்றார். மதரஸா ஆசிரியரின் சம்பளம் என்ன என்பதை இங்கே எழுதி உங்களை வருத்த விரும்பவில்லை! அப்போதுதான் மண்டிக்கார நண்பர், "ஹஜ்ரத், சந்தைப் பக்கம் ஒரு பையன் இருக்கான். தூக்கிப் போடச் சொன்னதையெல்லாம் ஓட வச்சிருக்கான். ஆடு பார்த்த மாதிரியும் ஆச்சு, வாங்க" என்றார்.

கிருஷ்ணகிரியிலிருந்து போச்சம்பள்ளி செல்லும் பாதை ஜூன் மாதத்தில் மாம்பழ மணத்தோடிருக்கும். பெங்களூரா மாங்காய்களை ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலைகளை நோக்கி வரிசையாய் நிற்கும். பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் செழித்த பகுதி இது. கடந்த சில ஆண்டுகளில் இந்த வட்டாரத்தின் முகம் மாறிவிட்டது. 500 ஏக்கரில் ஓலா நிறுவனத்தின் மின்ஸ்கூட்டர் ஆலை 2021இல் எழுந்தது. குருபரப்பள்ளியில் தைவான் நாட்டு டெல்டா நிறுவனம் மின்கருவிகள் செய்கிறது. ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கான உறுப்புகளைச் செய்கிறது. ஆலைப் பேருந்துகள் விடியற்காலையில் ஊர் ஊராய் நின்று சீருடைப் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. உலகத்துக்குப் புதுக் கருவிகள் செய்து அனுப்பும் சீமை! அங்கே பழுதான ஒரு பழைய கருவியைச் சுமந்துகொண்டு நான் போனேன்.

சந்தையைப் பற்றி விரித்தெழுத இடமில்லை. ஆடுகளின் கத்தலும், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவோரும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒன்றோடொன்று மோதும் ஆரவாரமும்! நண்பர் கூட்டத்துக்குள் மறைந்தார். நான் கடையைத் தேடிப் போனேன்.

கடை என்பது ஒரு தகரக் கதவு, ஒரு மேசை, ஒரு வளைகழுத்து விளக்கு. சுவரெங்கும் திறந்து கிடந்த கணினிகளின் எலும்புக்கூடுகள். முப்பதைத் தொடாத இளைஞர் ஒருவர். என் பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "கவர்மெண்டு லேப்டாப்பா? எனக்கும் குடுத்தாங்க பாய். பன்னெண்டாவதுல. அதைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் இந்த வேலையே கத்துக்கிட்டேன்" என்றார். ஓசூரில் ஓர் ஆலையில் சில ஆண்டுகள் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவராம்.

வாசகர்களே, அவர் முதலில் கணினியைத் தொடவில்லை. என்னைத்தான் விசாரித்தார். கடைசியாய் எப்போது ஓடியது? கீழே விழுந்ததா? தண்ணீர், தேநீர் ஏதும் பட்டதா? எத்தனை நாள் சும்மா கிடந்தது? விளக்கு எரிகிறதா, விசிறி சுற்றுகிறதா, ஏதேனும் ஒலி வருகிறதா? நாடி பிடிக்குமுன் நோயாளியின் வீட்டாரை விசாரிக்கும் பழைய ஹகீம்களைத்தான் எனக்கு நினைவு வந்தது. இரண்டாண்டு அலமாரியில் இருந்தது என்றதும், "அப்ப பயப்படாதீங்க. ஓடிட்டிருந்து நின்னதுக்கும் சும்மா கிடந்து நின்னதுக்கும் வித்தியாசம் இருக்குங்க" என்றார்.

பிறகு மின்னேற்றியின் முனையில் மல்டிமீட்டரை வைத்தார். 19 வோல்ட் காட்டியது, சரி. அடுத்து மின்கலத்தைக் கழற்றினார். அதை மேசைமேல் சாய்த்து, உப்பியிருக்கிறதா என்று கண்ணுக்கு நேராய்ப் பார்த்தார். உப்பிய லித்தியம் மின்கலத்தைக் குத்தினாலோ நெளித்தாலோ தீப்பற்றும். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அதில் மின்னேற்றாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். எங்களுடையது உப்பவில்லை; ஆனால் உயிரும் இல்லை. மின்கலமும் இல்லாமல், மின்னேற்றியும் இல்லாமல், பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிவதற்காம். சில கணினிகள் இது ஒன்றிலேயே எழுந்துவிடுமாம். எங்களுடையது எழவில்லை. வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்த்தார். அதிலும் இருள். ஆகவே பழுது திரையில் இல்லை என்று தெரிந்தது.

அடிமூடியைக் கழற்றினார். பஞ்சுபோல் தூசு, ஒரு மூலையில் இறந்த கரப்பான்பூச்சி. தூரிகையால் துடைத்துவிட்டு, விரல் நீளமுள்ள ஒரு பச்சைத் தகட்டை உருவினார். ரேம் எனப்படும் நினைவகம் அதுதான். அதன் ஓரத்தில் பொன்னிறப் பற்கள் வரிசையாய் இருக்கின்றன. காற்றின் ஈரம் பட்டு அவற்றில் மெல்லிய மாசு படிந்தால் கணினிக்குத் தன் நினைவே தட்டுப்படாது. விழித்தும் விழியாமல் கிடக்கும். அந்த மாசை நீக்க அவர் கையிலெடுத்த கருவி எது தெரியுமா? பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர்! பதமாய்த் தேய்த்து, ஊதி, மீண்டும் செருகினார்.

அடுத்து, தாய்ப்பலகையிலிருந்த எட்டணாக் காசளவு பட்டன் செல்லை அளந்தார். கணினி அணைந்திருக்கும்போதும் நாளையும் நேரத்தையும் தொடக்க அமைப்புகளையும் மறவாதிருக்கச் செய்வது இந்த மூன்று வோல்ட் செல்தான். அது ஒன்றரைக்கும் கீழே இறங்கியிருந்தது. புதிதாய் ஒன்று பொருத்தினார். விலை ஐம்பது ரூபாய்.

பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. விசிறி சுழன்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சற்றுப் பொறுத்து, திரையில் வெளிச்சம் பரவித் தயாரிப்பாளரின் பெயர் தோன்றியது. "ரப்பரா, செல்லா, எது சரி பண்ணுச்சுன்னு கேக்காதீங்க பாய். ரெண்டுல ஒண்ணு" என்று சிரித்தார். எட்டாயிரத்தைந்நூறு ரூபாய்த் தாய்ப்பலகைக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை.

மகிழ்ச்சி ஒரு நிமிடங்கூட நிலைக்கவில்லை. கரிய திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. துவக்குவதற்கு வட்டு ஏதும் இல்லை என்பது அதன் பொருள். இளைஞர் சட்டென்று கணினியை அணைத்துவிட்டுக் காதை அதனருகே கொண்டுபோனார். மீண்டும் ஒருமுறை போட்டார். எனக்கும் கேட்டது. டிக்... டிக்... டிக்... உடனே அணைத்தார். "இனிமே இதை ஆன் பண்ணக் கூடாதுங்க. ஹார்டு டிஸ்க்கு அடிக்குது. உள்ள என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

வன்வட்டு என்பது என்னவென்று எளிமையாய்ச் சொல்கிறேன். மூடிய பெட்டிக்குள் கண்ணாடிபோல் வழவழப்பான தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 தடவை சுழல்கின்றன. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில், தட்டைத் தொடாமல், ஒரு முனை மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. அது வழிதவறித் திரும்பத் திரும்பத் தேடுவதே அந்த டிக் டிக் ஓசை. தட்டில் முனை உரசினால் அந்த இடத்தில் எழுதப்பட்டது போயிற்று. ஆகையால், அந்த ஓசை கேட்கும் கணினியை "இன்னொருதரம் பார்ப்போம்" என்று போட்டுப் போட்டுப் பார்ப்பவர் தம் கையாலேயே தம் பொருளை அழிக்கிறார். குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சொல்வாரும் உண்டு. நம்பாதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வீட்டில் அந்தப் பெட்டியைத் திறப்பதும் ஆகாது. ஒரு தூசு போதும் அதைக் கெடுக்க.

வட்டைக் கழற்றித் தம்மிடம் விட்டுச் செல்லுமாறு இளைஞர் கேட்டார். இரவில், கடை அடைத்தபின், வேறொரு கணினியோடு இணைத்து, கிடைத்தவரை பிரதியெடுக்கிறேன் என்றார். புதிய எஸ்.எஸ்.டி. வட்டும் இன்னொரு பழைய ரேமும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலிருந்து வரவேண்டும். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்குச் சென்னையின் ரிச்சி தெருவைவிட பெங்களூருவின் அந்தச் சாலையே பக்கம். ஓசூர் வழியாய்ப் பேருந்திலேயே பொட்டலம் வந்துவிடும். அடுத்த ஞாயிறு வாருங்கள் என்றார். நண்பர் அன்று ஆடு வாங்கவில்லை. விலை படியவில்லையாம். ஆக, இருவருக்கும் மறுபடி வரவேண்டியதாயிற்று.

அந்த ஒரு வாரம் வீட்டில் பேச்சு இதுவேதான். "அத்தா, எனக்குக் கம்ப்யூட்டர் ஓடினாப் போதும்" என்றாள் இளையவள். மூத்தவள் தொலைபேசியில், "கம்ப்யூட்டர் எப்படியோ போகட்டும் அத்தா, நன்னியோட குரல் வந்துச்சா?" என்று நாளும் கேட்டாள். ஒரே பொருளை ஒருத்தி கருவியாய்ப் பார்க்கிறாள். மற்றொருத்திக்கு அது பெட்டகம். இடையில் நான்.

இந்த இடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இந்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. உதிரி உறுப்புகள், பழுதுநீக்கும் முறை முதலிய விவரங்களை நிறுவனங்கள் பயனீட்டாளருக்குத் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். பிரான்சு நாட்டில் 2021 முதல் மடிக்கணினி விற்பவர், அது எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கத் தக்கது என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று விலையோடு சேர்த்துக் காட்டவேண்டும். இங்கே மின்னணுக் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன. எல்லாம் நல்லதே. ஆனால் கருவி கெட்டால் நாம் போய் நிற்பது ஒரு மேசையின் முன்னால்தானே! அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் மூடியைக் கழற்றுவாரா, மாட்டாரா என்பதில்தான் நம் முப்பதாயிரம் தொங்குகிறது.

ஜூன் 25. பக்ரீதுக்கு முந்திய கடைசி ஞாயிறு. சந்தையில் கால் வைக்க இடமில்லை. நண்பர் முதல் அரைமணியிலேயே ஒரு வெள்ளாட்டுக் கிடாயைப் பிடித்துக் கடைவாசல் வேப்பமரத்தில் கட்டிவிட்டு என்னோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கணினி மேசைமேல் திறந்திருந்தது. பொத்தானை அழுத்தினார், விரல்விட்டு எண்ணும் நேரத்தில் எழுந்து நின்றது. சுழலும் தட்டு இல்லாத வட்டு என்பதால் ஒன்பது வயதுக் கணினிக்கு இந்தச் சுறுசுறுப்பாம். அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருந்தார். அரசு தந்த காலத்திலேயே விண்டோசோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் இந்தக் கணினிகளில் இருந்தது. நாங்கள்தாம் அதைத் தொட்டதில்லை. கட்டணம் செலுத்தாமல் கிடைப்பது. பழைய கணினிக்குப் பாரமில்லாதது. தமிழில் தட்டச்சும் செய்யலாம். இளையவளின் பாடத்திற்கு இது போதுமென்றார்.

"டிஸ்க்குல இருந்து?" என்று கேட்டேன்.

மூன்று இரவுகள் உட்கார்ந்தாராம். ஒரு கோப்புக்கு ஒரு மணி நேரம்கூட ஆயிற்றாம். வட்டு சூடேறும்போதெல்லாம் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி தொடங்கினாராம். பதினான்கில் பதினொன்று வந்தன. மூன்று வரவில்லை. மூத்தவளின் கல்லூரிக் கட்டுரைகளில் பெரும்பகுதி வந்துவிட்டது. புகைப்படங்களில் பாதிக்குமேல் போயின.

"ஒண்ணு போட்டுக் காட்டட்டுங்களா? சரியா வந்திருக்கான்னு பாக்கணும்" என்றார்.

வெளியே ஆடுகளின் கத்தலும் தரகர்களின் கூச்சலும். அந்தச் சிறு ஒலிபெருக்கியில் முதலில் தொட்டில் கயிற்றின் கிரீச்சொலி வந்தது. பிறகு என் தாயாரின் குரல். பாடலுக்கு நடுவே நிறுத்தி, "அடுப்பைச் சின்னதா வைடி" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, விட்ட அடியிலிருந்து மீண்டும் பாடினார்கள். நண்பர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கடைக்கார இளைஞர் விளக்கை எதற்கோ திருப்பி வைத்தார்.

கணக்கு: எஸ்.எஸ்.டி. 1,600, பழைய ரேம் 500, செல் 50, வேலைக்கூலி 400. வட்டிலிருந்து எடுத்ததற்கு என்ன என்று கேட்டேன். "அது முழுசா வரலைங்களே" என்று வாங்க மறுத்தார். வற்புறுத்தி ஐந்நூறு வைத்தேன். ஆக 3,050 ரூபாய். அது போதுமான கூலி அன்று என்பதை அப்போதும் அறிந்திருந்தேன்; இப்போதும் அறிந்திருக்கிறேன்.

பதினொரு பாடல்களையும் இரண்டு தனித்தனிப் பென்டிரைவ்களில் பதிந்து தந்தார். ஒன்றை வீட்டில் வையுங்கள், ஒன்றை மகளிடம் கொடுங்கள், ஒரே இடத்தில் இரண்டையும் வைக்காதீர்கள் என்றார். கெட்டுப்போன வட்டைக் கழிவுப் பெட்டியில் போடுவார் என்று நினைத்தேன். செய்தித்தாளில் சுற்றி என் கையிலேயே கொடுத்தார். தூசற்ற அறையில் வைத்துத் திறந்து பார்க்கும் கூடங்கள் பெங்களூருவில் இருக்கின்றனவாம். பல ஆயிரம் கேட்பார்களாம். வரும் என்ற உறுதியும் இல்லையாம்.

திரும்புகையில் கிடாய், ஒரு சிறு சரக்கு வண்டியில் எங்களோடு வந்தது. பையை அது முகர்ந்து பார்த்ததால் மடியில் வைத்துக்கொண்டேன்.

இளையவள் மூன்றாண்டும் அந்தக் கணினியிலேயே படித்தாள். இடையில் ஒருமுறை விசைப்பலகை கெட்டு மீண்டும் போச்சம்பள்ளிக்குப் போய்வந்தோம். செய்தித்தாளில் சுற்றிய வட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பெங்களூருக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்கிறாள் என் மனைவி. வந்தவரை போதும், அந்தப் பணத்தில் வேறு ஏதாவது செய்யுங்கள் அத்தா என்கிறாள் மூத்தவள். இன்னும் முடிவாகவில்லை.